சனி, ஞாயிறு, மூன்று சைக்கிள், மூன்று அருங்காட்சியகம்

- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது என்று தப்பிக்கப் பார்த்தேன். "நீங்க மூணு பேரும் மதுரைக்குச் சைக்கிள்ல போயிட்டு வந்தீங்கள்ல, எப்படித் திட்டம் போட்டீங்கன்னு எழுது. அதைப் படிச்சிட்டு அடுத்த வருஷம் நாலு பேர் போவான்" என்றார். ஆகவே இதை ஒரு செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவோமே, அப்படித்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே வரிசை கெட்டுப் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளவும்.

நோக்கத்தை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன பருவத்தில் எங்கள் துறையில் நான்கு நாள் கல்விச் சுற்றுலா போட்டார்கள். ஆளுக்கு 3,800 ரூபாய். வீட்டில் கேட்டால் அப்பா எங்காவது வாங்கிக் கொடுத்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. வகுப்பில் "அந்தத் தேதியில அக்கா வளைகாப்பு" என்று சொல்லிவிட்டேன். எனக்கு அக்காவே கிடையாது. பஸ் கிளம்பிப் போன அன்று சைக்கிள் ஸ்டாண்டில் என்னை மாதிரி இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் சிவில், ஒருவன் எலக்ட்ரிகல். அவர்கள் துறையிலும் ஏதோ ஒரு சுற்றுலா, அவர்களுக்கும் வீட்டில் ஏதோ ஒரு விசேஷம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அன்றைக்கு டீ குடிக்கும்போது சிவில்காரன் கேட்டான்: "நாமளே போனா என்ன?"

எங்கள் மூவரிடமும் பணம் இல்லை. சைக்கிள் இருந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. நாங்கள் மூவரும் பிளஸ் டூ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள், அதனால் மூவரிடமும் அதே ரகம். மதுரை எங்களுக்கு 20 கிலோமீட்டர். திருமங்கலத்தில் பிறந்து வளர்ந்தும் மதுரையில் நாங்கள் பார்த்தது கோயில், பஸ் ஸ்டாண்டு, பெரிய ஆஸ்பத்திரி, சித்திரைத் திருவிழாக் கூட்டம், இவ்வளவுதான். ஆகவே சனி, ஞாயிறு இரண்டு நாள், தங்குவது செல்லூரில் என் சித்தி வீட்டில், பார்ப்பது அருங்காட்சியகங்கள் என்று முடிவானது. ஏன் அருங்காட்சியகம் என்று கேட்டால், உண்மையான காரணம் அங்கே நுழைவுக் கட்டணம் குறைவு என்பதுதான். வேறு உயர்ந்த காரணம் எதுவும் அப்போது இல்லை.

முதலில் கணக்கு

திட்டம் போடுகிறவன் தன் சைக்கிள் ஒரு மணிக்கு எவ்வளவு போகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். சாக்பீஸால் டயரில் ஒரு கோடு போட்டு, தரையில் ஒரு சுற்று உருட்டி அளந்தேன்: 207 சென்டிமீட்டர். பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் பின்சக்கரம் 44-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 2.44 சுற்று சுற்றும். ஆக ஒரு மிதிச்சுற்றுக்கு 5 மீட்டர் சொச்சம். நிமிடத்துக்கு 50 சுற்று அலுக்காமல் மிதிக்கலாம். கூட்டிப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கை நம்பாதீர்கள். தாளில் 15, ரோட்டில் 11. டீக்கடை, சிக்னல், செயின் கழன்றது, ஒருத்தன் ஒன்றுக்குப் போனது எல்லாம் சேர்ந்தால் 11-தான் வருகிறது. இயந்திரவியலில் பயனுறுதிறன் என்று படிக்கிறோமே, அது மனுசனுக்கும் உண்டு. தூரத்தை 11-ஆல் வகுத்து நேரம் குறித்துக்கொண்டால் கடைசியில் அவசரம் இருக்காது.

அடுத்து வெயில். நாங்கள் போனது பொங்கல் முடிந்த பிறகு, தை மாதம். அப்போதுகூட பதினொரு மணிக்கு மேல் மதுரை ரோட்டில் சைக்கிள் மிதிப்பது சுகமில்லை. சித்திரை, வைகாசியில் நினைக்கவே வேண்டாம். இங்கேதான் எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அருங்காட்சியகங்கள் திறப்பது காலை ஒன்பது, பத்து மணிக்கு. சைக்கிளுக்கு நல்ல நேரம் அதற்கு முன்னால். வெயில் ஏற ஏற நாம் கூரைக்குள் போய்விடலாம், அவர்கள் மூடுகிற சாயங்காலத்தில் மறுபடி ரோடு குளிர்ந்துவிடும். ஒன்று ஓய்கிற நேரத்தில் மற்றது தொடங்குகிறது. சைக்கிளையும் அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் போட்டது தற்செயல்தான், ஆனால் இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது கணக்கு கண்ணுடையது. இதை யாரும் போடுவதில்லை. ஒரு நாளில் ஐந்து இடம் பார்த்துவிடலாம் என்றுதான் எலக்ட்ரிகல்காரன் முதலில் பட்டியல் எழுதினான். நின்று நின்று கண்ணாடிப் பெட்டி பார்ப்பது சைக்கிள் மிதிப்பதைவிட அலுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் எல்லாச் சிலையும் ஒரே சிலையாகத் தெரியும். ஆகவே சனிக்கிழமை இரண்டு இடம், ஞாயிற்றுக்கிழமை ஒரே இடம் என்று வைத்தோம். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருக்கிற கலைக்கூடத்தை விட்டுவிட்டோம். சனி, ஞாயிறு கூட்டத்தில் வரிசையில் நின்று, செல்போனை வெளியே ஒப்படைத்து, உள்ளே போய் வரவே அரை நாள் ஆகும். திட்டம் என்றால் எதை விடுவது என்று முடிவு செய்வதும்தான்.

வழிக்கு கூகுள் மேப் பார்த்தோம். ஆனால் நகருக்குள் உதவியது அப்பா. அவர் மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் பலசரக்குக் கடைகளில் லோடுமேனாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இப்போது இடுப்பு வலியால் திருமங்கலத்திலேயே வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. நான் தரையில் தாளை விரித்து வைத்ததும் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்துகொண்டு விரலால் கோடு போட்டார். "தெக்குவாசல்ல பஸ் நெருக்கும். இந்தச் சந்துல பூந்துரு. காலையில ஏழு மணிக்கு மேல லோடு இறக்குவாய்ங்க, தட்டுவண்டி குறுக்க நிக்கும். அதுக்கு முன்ன போனா மகால் வாசலுக்கு நேரா போயிரலாம்." நான் கேட்டேன், "மகால் உள்ள எப்படிப்பா இருக்கும்?" "நான் என்னத்தக் கண்டேன். தெனம் அதைத் தாண்டித்தான் மூட்டை இழுத்துட்டுப் போவேன். உள்ள போனதில்ல."

எடுத்துப்போன பொருள்: ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு துண்டு, மாற்று உடை ஒன்று, கல்லூரி அடையாள அட்டை (மாணவர் கட்டணம் உள்ள இடத்தில் காட்ட), ஒரு நோட்டு, பென்சில். மூவருக்கும் பொதுவாக ஒரு பம்ப், பின்சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் ரப்பர் துண்டும், வால்டியூப் நாலு, டயர் கழட்ட எங்கள் வீட்டுப் பழைய கரண்டி இரண்டு. மூன்று சைக்கிளையும் சேர்த்துக் கட்ட ஒரே ஒரு நீளச் சங்கிலியும் பூட்டும். கிளம்புவதற்கு முதல் நாள் பிரேக் கட்டைகளையும் செயின் தொய்வையும் பார்த்துவிடுங்கள். கிளம்பும் நாளன்று பார்த்தால் கிளம்ப மாட்டீர்கள்.

சனிக்கிழமை

ஆறே காலுக்குக் கிளம்பினோம். பைபாஸ் வேண்டாம், பழைய ரோடுதான். திருநகர் வழியாகத் திருப்பரங்குன்றம் வரும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்திருந்தது. அங்கே ஒரு டீ. பழங்காநத்தம், தெற்குவாசல், அப்பா சொன்ன சந்து. எட்டே காலுக்கெல்லாம் திருமலை நாயக்கர் மகால் பக்கம் வந்து இட்லி சாப்பிட்டோம். தட்டுவண்டி குறுக்கே நின்றது. ஏழுக்குள் வந்திருக்க வேண்டும் என்று அப்பா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மகால் வாசலில் ஒரு நிமிஷம் மூவருக்கும் கால் வரவில்லை. சட்டையெல்லாம் வேர்வை, செருப்பு ரப்பர் செருப்பு. உள்ளே போகிற குடும்பங்கள் நல்ல உடுப்பு போட்டிருந்தார்கள். யாராவது "ஏய், எங்க போறீங்க" என்று கேட்பார்கள் என்று ஏனோ ஒரு நினைப்பு. சிறு வயதிலிருந்து பெரிய கட்டடம் எதற்குள் போனாலும் எனக்கு வருகிற நினைப்பு அது. நடந்தது என்னவென்றால், சீட்டு வாங்கினோம், போனோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த மலரைப் படிப்பவர்களில் எத்தனையோ பேருக்கு அதே நினைப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மகால் 1636-ல் திருமலை நாயக்கர் கட்டியது. இன்றைக்கு நிற்பது முழு அரண்மனையில் ஒரு பகுதிதான். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பலவற்றைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்கிறார்கள். மிச்சத்தை 19-ம் நூற்றாண்டில், சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்த்தார்கள். சொர்க்க விலாசம் என்கிற சபை மண்டபத்துக்குக் கீழே நின்று சிவில்காரன் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். "ஒரு உத்தரம் இல்லடா. ஒரு கம்பி இல்ல. செங்கல்லும் சுண்ணாம்பும்தான்." வளைவாகக் கட்டினால் செங்கல் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு நிற்கும். அமுக்கு விசையைச் செங்கல் தாங்கும், இழுவிசையைத்தான் தாங்காது. புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்தது அங்கே தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்தோம், ஒரு ஆள் கைக்கு அடங்கவில்லை. தூண்களில் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நாடகசாலையில் பழைய கற்சிலைகள் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து நோட்டில் வரைவது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். வரைய உட்கார்ந்தால்தான் கண் பார்க்கிறது. போட்டோ எடுத்தால் கை எடுத்துவிடும், கண் பார்க்காது. நான் ஒரு தூணின் உச்சியை வரைந்தேன். பூசணிக்காய் மாதிரி வந்தது.

அடுத்து காந்தி நினைவு அருங்காட்சியகம். இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை அங்கே மதிய இடைவேளை, அதை நான் விசாரித்து வைக்கவில்லை. ஏ.வி. பாலத்தில் ஆற்றைத் தாண்டி, வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தது ஒன்று பத்துக்கு. பேசாமல் மரத்தடியில் உட்கார்ந்து அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தோம். இப்போது யோசித்தால் அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைக்குக் கிடைத்த ஓய்வு. அடுத்த தடவை திட்டத்திலேயே அதைச் சேர்த்துவிடுவேன். வார விடுமுறை ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நாள். போகும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அந்தக் கட்டடம் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. 1959 ஏப்ரல் 15-ல் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். உள்ளே விடுதலைப் போராட்ட வரலாறு படங்களாக வரிசையாக இருக்கிறது, அதை வேகமாகக் கடந்துவிட்டோம், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கால் நின்ற இடம் கடைசியில். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணி. கண்ணாடிக்குள் இரத்தக் கறையோடு இருக்கிறது. எலக்ட்ரிகல்காரன் எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான், அங்கே பேசவில்லை.

அந்தத் துணிக்கும் மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1921 செப்டம்பர் 22-ல், மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி சட்டை, வேட்டி, தலைப்பாகையை விட்டுவிட்டு அரையாடைக்கு மாறினார். வழியெல்லாம் கிழிசல் உடுத்திய உழவர்களைப் பார்த்ததுதான் காரணம். அருங்காட்சியகத்தில் இதைப் படித்துவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அந்த வீட்டுக்கே சைக்கிளை விட்டோம். இப்போது அங்கே கதர்க் கடை இருக்கிறது. பஸ்சில் போயிருந்தால் இந்த இரண்டு இடத்தையும் சேர்த்திருக்க மாட்டோம். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பார்த்ததை வெளியே தெருவில் தேடிப் போவதற்குச் சைக்கிள் மாதிரி வசதி வேறு இல்லை. நடந்தால் தூரம், பஸ் என்றால் அது போகிற வழிதான்.

இரவு செல்லூர். சித்தி வாசலில் நின்றுகொண்டு, "ஏப்பா, இம்புட்டுத் தூரம் மிதிச்சா வந்தீக? பஸ்சு ஓடலையா?" என்றார். சித்தப்பா நெசவுக் குடும்பம். இப்போது வேறு வேலைக்குப் போகிறார், ஆனாலும் தறி பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நாளைக்குக் கீழடி போகிறோம் என்றதும், "அங்க தக்களி கெடைச்சிருக்காம்ல, பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை

ஆறரைக்குக் கிளம்பினோம். தொடை இரண்டும் கல் மாதிரி. காமராஜர் சாலையில் போகும்போது காந்தி பொட்டல் வருகிறது. அரையாடைக்கு மாறிய பிறகு காந்தி மக்கள் முன் வந்து நின்ற இடம் என்று அதற்குப் பெயர். நின்று பார்த்துவிட்டு, தெப்பக்குளம். தைப்பூசத்தில் மீனாட்சியம்மன் தெப்பத்தில் வருகிற குளம். ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம், அதற்குக் கொஞ்சம் குறைந்த அகலம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தைத்தான் திருமலை நாயக்கர் 1645-ல் குளமாக்கினார் என்று சொல்வார்கள். சிவில்காரன் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டான்: ஒரு அடி ஆழம் எடுத்தாலே ஒன்பது லட்சம் கன அடிக்கு மேல் மண். நேற்று அவன் அண்ணாந்து பார்த்த வளைவெல்லாம் இந்தப் பள்ளத்திலிருந்து போனதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். காலையில் குளத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

விரகனூர் தாண்டி ராமேஸ்வரம் ரோடு. நாலு வழிச் சாலை, வண்டிகள் வேகமாக வரும். இடது ஓரத்தில் ஒருவன் பின் ஒருவனாகத்தான் போக வேண்டும், பேசிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடாது. நாங்கள் போனோம், ஒரு லாரி ஹாரன் அடித்ததில் பாதி உயிர் போய்விட்டது. சிலைமானைத் தாண்டினால் கீழடி விலக்கு. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், ஆனால் சிவகங்கை மாவட்டம்.

அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ல் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். இங்கே அகழாய்வு 2015-ல் மத்திய தொல்லியல் துறை தொடங்கியது. 2018-லிருந்து தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொடர்ந்தது. பள்ளிச்சந்தைத் திடல் என்கிற தென்னந்தோப்புப் பகுதி. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று ஆய்வில் வந்ததாக 2019-ல் அறிக்கை வெளியிட்டார்கள். பானை ஓட்டில் இருக்கிற எழுத்தின் வயதை, அது கிடைத்த மண் அடுக்கை வைத்துத்தான் சொல்கிறார்கள். இதில் அறிஞர்களுக்குள் வாதம் இருக்கிறது. வாதம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் உன்னிப்பாகப் பார்க்கத் தோன்றுகிறது.

மூன்று பேரும் மூன்று பக்கம் பிரிந்துவிட்டோம். சிவில்காரன் உறைகிணற்றிலும் சுடுமண் குழாயிலும் நின்றுவிட்டான். ஒன்றோடு ஒன்று பொருத்திய குழாயைப் பார்த்துவிட்டு, "நம்ம பிளம்பிங் பாடம்டா" என்றான். எலக்ட்ரிகல்காரன் விளையாட்டுப் பொருள்களிடம் போனான். பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள், பகடைக்காய். எங்கள் தெருவில் பிள்ளைகள் நொண்டி விளையாட இன்றைக்கும் ஓட்டை அப்படித்தான் தேய்க்கிறார்கள். நான் சித்தப்பாவுக்காகத் தக்களியைத் தேடிப் போனேன். நூல் நூற்கிற தக்களியின் அடியில் கனத்துக்குப் போடுகிற சுடுமண் வட்டு நிறைய வைத்திருக்கிறார்கள். நெசவுக்குப் பயன்பட்டதாகச் சொல்லும் கூரான எலும்பு முனைகளும் இருக்கின்றன. அவற்றை வரைந்துகொண்டேன்.

வரைந்து முடித்துத் திரும்பும்போதுதான் எழுத்துள்ள பானை ஓடுகளைப் பார்த்தேன். கறுப்பும் சிவப்புமான ஓடு. சுட்ட பிறகு கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். நாலாம் கட்ட அகழாய்வில் மட்டும் இப்படித் தமிழி எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. ஆதன், குவிரன் என்றெல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் ஆள் பெயர். அதாவது, தன் பானையில் தன் பெயர்.

எங்கள் வீட்டில் எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றிலும் அம்மா பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்தில் தாத்தா கடையில் கொடுத்து வெட்டியது. அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. விசேஷ வீட்டில் பாத்திரம் கலந்துவிட்டால் வடிவத்தை வைத்து அடையாளம் கண்டு, "தம்பி, இது நம்ம பேருதானா பாரு" என்று என்னிடம் காட்டுவார். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்ததும் நான் முதலில் படித்தது புத்தகத்தை அல்ல, அந்தக் குண்டானை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வீட்டில் ஒருவன் தன் பானையில் தானே பெயர் கீறியிருக்கிறான். அதற்கப்புறம் எங்கள் வீடு வரை வருவதற்குள் அந்த எழுத்து எங்கேயோ நின்றுபோய்விட்டது. எப்போது நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று அங்கே பெட்டியில் எழுதியிருக்கவில்லை. நான் அந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். நண்பர்கள் வந்து கூப்பிட்டபோது மணி ஒன்றே கால்.

பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டும் என்பது திட்டம். அங்கேதான் எல்லாம் தப்பியது.

திரும்பிய கதையும் செலவும்

மதிய வெயிலில் மிதிக்காமல் மூன்றரை வரை நிழலில் கிடந்தோம். அதுவரை சரி. விரகனூரிலிருந்து ரிங் ரோட்டைப் பிடித்துத் திருமங்கலம் போய்விடலாம் என்றேன் நான். நகரத்துக்குள் போகாமல் மிச்சம். ஆனால் ரிங் ரோட்டின் ஓரமெல்லாம் வெடித்த லாரி டயரின் கம்பித் துண்டுகள் கிடக்கின்றன. அவனியாபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் பின்சக்கரத்தில் ஒன்று ஏறிவிட்டது. ஒட்டினோம். மூன்று கிலோமீட்டர் போனதும் மறுபடி காற்று இறங்கியது. முதல் தடவை டியூபை மட்டும் ஒட்டிவிட்டு, டயருக்குள் கம்பியை விரலால் தடவிப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். மெக்கானிக்கல் படிக்கிறவன் செய்கிற காரியமா என்று மற்ற இருவரும் இன்று வரை கேட்கிறார்கள். இரண்டு தடவையும் சேர்த்து ஒரு மணி நேரம் போனது.

இருட்டிவிட்டது. சைக்கிளில் விளக்கு கிடையாது. செல்போன் வெளிச்சத்தில் கடைசி எட்டு கிலோமீட்டரை உருட்டியும் ஓட்டியும் வந்தோம். இது தவறு, யாரும் செய்யாதீர்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டில் இருக்கும்படி திட்டம் போடுங்கள், இல்லாவிட்டால் விளக்குக்குக் காசு ஒதுக்குங்கள். கப்பலூர் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு டி.வி.எஸ். எக்செல் நின்றது. அப்பா. பக்கத்து வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு வந்து ஒன்றரை மணி நேரமாக நின்றிருக்கிறார். திட்டவில்லை. எங்கள் மூவருக்கும் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் ஊர் வரை வந்தார்.

செலவு, ஆளுக்கு: நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து ஐம்பதைத் தாண்டவில்லை. டீ, இட்லி, ஞாயிறு மதியச் சாப்பாடு 165. சித்தி வீட்டுக்கு வாங்கிப்போன பழத்தில் பங்கு 30. சொல்யூஷனும் வால்டியூபும் 15. மொத்தம் 260 ரூபாய்க்குள். தூரம் இரண்டு நாளும் சேர்த்து சுமார் 75 கிலோமீட்டர். தங்க உறவினர் வீடு இல்லாதவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் திரும்பிவிட்டு, கீழடிக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை போகலாம். அதிலும் குறைவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது நோட்டை விரித்துக் காட்டினேன். அம்மா பானை ஓட்டில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம எழுத்து மாதிரி இல்லையே" என்றார். பழைய எழுத்தும்மா, இது 'ஆ', இது 'த' என்று சொல்லிக் கொடுத்தேன். விரலால் ஒரு தடவை அதன் மேலேயே எழுதிப் பார்த்தார். அப்பா மகால் தூண் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூசணிக்காய் மாதிரி இருக்கு என்று சொல்வார் என்று நினைத்தேன். "சீட்டு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அம்புட்டுத்தானா" என்றார்.

வருகிற மாசி மாதம் இரண்டாவது சனிக்கிழமை மறுபடி போகிறோம். இந்தத் தடவை ஆறு பேர், விளக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழக்குயில்குடி சமணர் மலையைப் பார்த்து வைத்திருக்கிறோம். வர விருப்பமுள்ளவர்கள் ஒர்க்‌ஷாப் பக்கத்து ஸ்டாண்டில் என்னைப் பார்க்கலாம். சைக்கிள் இல்லாதவர்களும் வாருங்கள், இரண்டு சைக்கிள் இரவல் சொல்லி வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு மகால் வாசலில் சேர்கிறோம். அப்பா பஸ்சில் வந்துவிடுவார்.